குட்டை என்று சொல்லாதீர்

சக்கரத்தைக் கண்டுபிடித்ததுதான் மனித குலத்தின் மாபெரும் சாதனை என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லித் தருகின்றன. பாவம், எழுதியவர்கள் நான்காவது சக்கரத்தோடு நின்றுவிட்டார்கள். நாகரிகம் உண்மையில் தொடங்குவது ஐந்தாம் சக்கரத்திலிருந்துதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர், வாழ்நாள் முழுக்கத் தவணை கட்டி மீட்ட வீட்டை விற்று, அந்தக் காசில் சக்கரம் வைத்த இன்னொரு வீட்டை வாங்கி, அதைத் தம் பிக்கப் வண்டியின் முதுகில் மாட்டி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் 'சுதந்திரம்'. அந்த வீட்டுக்குப் பெயர் 'ஐந்தாம் சக்கரம்'. ஐந்தாவதாக ஒரு சக்கரம் அதில் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. குனிந்து தேடியவர்கள் உண்டு. முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஆர்கன்சா மாநிலத்து வெர்லின் ஸ்ட்ரௌடும் இப்படிச் சுதந்திரம் அடைந்தவர்தான். கார்ப்பெட் கடையில் அளவெடுக்கும் வேலை பார்த்தவர். ஒரு கூடத்துக்குள் நுழைந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாரென்றால் நாடா தேவையில்லை, அங்குலம் பிசகாது. அப்பேர்ப்பட்டவருக்கு ஓர் அளவு மட்டும் கடைசிவரை பிடிபடவே இல்லை. அது அவருடைய சொந்தப் பிக்கப்பில் சரக்கு ஏற்றும் பின் தொட்டி.

அது குட்டை.

இந்தச் சொல்லை இங்கே எழுதத் துணிந்ததே, வெர்லினுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான். வண்டியை விற்றவர் சொல்லிக்கொடுத்த சொல் 'ஸ்டாண்டர்ட்'. அன்றைக்குக் கடையில் வெர்லினின் மனைவி கிளென்னா, பெரிய பெரிய வண்டிகளைப் பார்த்து மிரண்டுபோய், தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள்.

"இது குட்டையா இருக்கே?"

விற்பனையாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "குட்டைன்னு நாங்க ஒண்ணு விக்கறதே இல்லைங்கம்மா. ஸ்டாண்டர்ட் இருக்கு. அதவிட நீளமானது இருக்கு."

"அப்ப நீளமானதவிட இது குட்டைதானே?"

"இல்லைங்கம்மா. நீளமானதுதான் இதவிட நீளம்."

வெர்லின் அவளை ஒரு பார்வை பார்த்தார். கிளென்னா, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதிகம் பயன்படுத்திய வாக்கியம் அது. பூப்போட்ட சோபாவுக்கும் அதையே சொன்னாள். வெர்லின் மீசை வைத்துப் பார்த்த அந்த வருஷத்துக்கும் அதையேதான் சொன்னாள்.

வெர்லின் ஸ்டாண்டர்ட் வாங்கியதற்குத் தக்க காரணம் இருந்தது. நீளமான தொட்டி வீட்டுக் கராஜுக்குள் நுழையாது. ஆகவே கராஜுக்கு ஏற்ற வண்டியை வாங்கினார். பிறகு, ஐந்தாம் சக்கரம் வாங்குவதற்காக வீட்டை விற்றார். கராஜ் வீட்டோடு போய்விட்டது. குட்டை மட்டும் குடும்பத்தோடு தங்கிவிட்டது. திட்டமிடல் என்றால் இதுவல்லவா திட்டமிடல்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பிக்கப்பின் பின் தொட்டிக்கு நடுவே கனமான ஒரு கொக்கித் தட்டைப் பூட்டியிருப்பார்கள். இழுவை வீட்டின் மூக்கு அதன் மேல் வந்து உட்காரும். தொட்டி நீளமாக இருந்தால் எப்படி வளைத்துத் திருப்பினாலும் பயமில்லை. தொட்டி கு... ஸ்டாண்டர்டாக இருந்தால், வண்டியை ஒடித்துத் திருப்பும்போது வீட்டின் முன் மூலை நேராக வந்து ஓட்டுநர் அறையின் பின் கண்ணாடியில் இடிக்கும். இதைத் தவிர்க்கத்தான் தட்டில் ஒரு லீவர் வைத்திருக்கிறார்கள். இறங்கி அதை இழுத்துவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினால், தட்டு ஒரு சாணுக்கு மேல் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். இடிக்காது. அவ்வளவுதான் வித்தை.

அந்த லீவரையும் அதே விற்பனையாளர்தான் விற்றார். ஸ்டாண்டர்டான தொட்டிக்கு இது எதற்கு என்று வெர்லினும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆள் இல்லாத இடத்தில் வெர்லின் சமர்த்தாக இறங்கி லீவரை இழுப்பார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் இழுக்க மாட்டார். ஊரறிய லீவரை இழுப்பதும், தொட்டி குட்டை என்று கழுத்தில் பலகை மாட்டிக்கொண்டு நிற்பதும் அவருக்கு ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் மகள் கெண்ட்ராவுக்கும் டிரே என்ற பையனுக்கும் கல்யாணம் வந்தது.

கெண்ட்ரா பெற்றோரிடம் முகம் கொடுத்துப் பேசி நெடுநாளாகியிருந்தது. விற்ற வீட்டின் பின்புறம், வாதுமை போல் பருப்புத் தரும் பீகன் மரம் ஒன்று உண்டு. அதன் கீழேதான் தன் கல்யாணம் என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தாள். மரம் கராஜைப் போலவே வீட்டோடு போய்விட்டது. வீடு கைமாறிய அன்று தொலைபேசியில் அவள் தாயைக் கேட்டது ஒரே கேள்வி.

"அப்பா வீட்ட விக்கறேன்னப்ப நீ என்னம்மா சொன்ன?"

"நல்லாத்தான் இருக்குன்னேன்."

"எது நல்லா இருந்துச்சு?"

மறுமுனையில் கெண்ட்ரா ஃபோனை வைத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள்தான் இப்போது தானாகக் கூப்பிட்டாள். கல்யாணம், சக்கர வீடுகள் வந்து தங்கும் வில்லோ பெண்ட் முகாமின் கூடாரத்தில். இழுவை வீட்டை அங்கேயே கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளலாம். கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டு, "கல்யாணக் கேக்க நீயே செஞ்சுடும்மா. வாழப்பழமும் அன்னாசியும் போடுவியே, அது" என்றாள். ஃபோனை வைத்த பிறகு கிளென்னா அழுதாள். மகள் மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லவில்லை. கேக் என்று சொன்னாள். கிளென்னாவுக்கு அது போதும்.

இழுவை வீட்டின் அடுப்பு ஒரு நேரத்தில் ஓர் அடுக்குதான் தாங்கும். ஒவ்வோர் அடுக்காகச் சுட்டு, ஆறவைத்து, பாலாடைக் கிரீமைப் பூசி, மூன்று அடுக்காக ஏற்றி, பீகன் பருப்பை ஒவ்வொன்றாக மேலே பதித்தாள். அதை வைக்க ஒரே இடம்தான் இருந்தது. ஓடும்போது இழுவை வீட்டுக்குள் கோப்பைகூட நிலையில் நிற்காது. ஆகவே வண்டியின் பின் இருக்கையில், பின் கண்ணாடிக்கு முன்னால், நாலு பக்கமும் தலையணை அணைகொடுத்து, குழந்தையை உட்கார வைப்பதுபோல் உட்கார வைத்தாள். மலைப்பாதை முழுக்க அவள் சாலையைப் பார்க்கவில்லை. கேக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வில்லோ பெண்ட் முகாமைப் பற்றிப் பேசும்போது எழுந்து நின்று பேசுவதே மரியாதை. அங்கே 'முகாம் ஆலோசனைக் குழு' என்றொரு மாமன்றம் இயங்கி வருகிறது. தலைவர் பர்ல் ஹாச்சர். பள்ளிக்கூடத்துக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கோச்'. அவரோடு டாயில், லமார் முதலான பெருமக்கள். வாசலில் டீசல் உறுமுகிற சத்தம் கேட்டால் போதும், ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, புதிதாக வருகிறவர் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும் காட்சிக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள்.

குழுவின் சட்டம் எழுதப்படாதது. ஆகவே யாரும் மீறியதில்லை. முதல் விதி: சேதத்துக்கு முன் ஆலோசனை சொல்வது ஓர் ஆண்மகனை அவமதிப்பதாகும். இரண்டாம் விதி: சேதத்துக்குப் பின் ஆலோசனை சொல்லாமல் இருப்பது அவரைக் கைவிடுவதாகும். முதல் விதிக்கும் இரண்டாம் விதிக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு அனுமதி உண்டு. "வரலாம்." இதற்குக் 'கண்ணியம்' என்று பெயர். இவ்வளவு கண்ணியம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வெர்லினின் வண்டி உள்ளே நுழைந்தபோது நாற்காலிகள் தயாராக இருந்தன. கிளென்னா அவர்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் பின் கண்ணாடியிலும் பெரிய படம் ஒட்டியிருந்தது. கோச்சின் வண்டியில் வாயைப் பிளந்த மீன். டாயில் வண்டியில் கழுகு. லமார் வண்டியில் கலைமான். எவ்வளவு ரசனையான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர்களுக்கு ஒதுக்கிய இடம் ஓக் மரத்தை ஒட்டிய வளைவில் இருந்தது. வண்டியை நன்றாக ஒடித்துப் பின்னால் எடுத்தால்தான் வீடு உள்ளே போகும். கிளென்னா சைகை காட்ட இறங்கினாள். தொட்டியைக் கடக்கும்போது அவள் கண் தானாக லீவருக்குப் போனது. தட்டு முன்னாலேயே இருந்தது. ஓட்டுநர் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வெர்லின், அந்த லீவரு..."

வெர்லின் அவளைப் பார்க்கவில்லை. நாற்காலி வரிசையைப் பார்த்துக்கொண்டே உதடு அசையாமல் கேட்டார். "எந்த லீவரு?"

கோச் காலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டார். லமார் தொப்பியைச் சரிசெய்தார். எல்லோருடைய முகமும் இவர்கள் பக்கம்தான்.

"ஒண்ணுமில்ல" என்றாள் கிளென்னா.

அவள் பக்கவாட்டில் போய் நின்று கையை உயர்த்தினாள். "வரலாம்."

"வரலாம், வரலாம்" என்றது குழு.

வெர்லின் ஸ்டீயரிங்கை ஒடித்தார். வீடு பின்னால் போக, அதன் முன் மூலை வண்டியின் கண்ணாடியை நோக்கி மெல்ல வந்தது. கிளென்னாவுக்கு இடைவெளி நன்றாகத் தெரிந்தது. ஒரு முழம். கண்ணாடிக்கு உள்ளே, தலையணைகளுக்கு நடுவில், வெள்ளையாகக் கேக் தெரிந்தது. நிறுத்து என்று ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அந்த மனிதர்கள் முன்னால் வெர்லின் இறங்கி வந்து லீவரை இழுக்க வேண்டும். அவர் காது சிவந்துவிடும், கல்யாணம் முடிகிறவரை யாரோடும் பேச மாட்டார். ஒரு சாண்.

"நல்லாத்தான் வருது" என்றார் கோச், பெருந்தன்மையாக.

"வரலாம்" என்றாள் கிளென்னா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

'டப்' என்று ஒரு சத்தம்தான். பிறகு, யாரோ கற்கண்டு மூட்டையைக் கவிழ்த்ததுபோல் கண்ணாடி முழுக்கப் பொடியாகி உள்ளே கொட்டியது. கேக்கின் மூன்று அடுக்குகள் மேலும் கொட்டியது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது அலங்காரம் போலத்தான் இருந்திருக்கும்.

இரண்டாம் விதி உடனே அமலுக்கு வந்தது. குழு ஒட்டுமொத்தமாக எழுந்தது.

"தரை சரிவு" என்றார் டாயில்.

"தரை இல்லப்பா, மரத்தோட வேரு. வேரு தூக்குது" என்றார் லமார்.

"வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும், இல்லீங்களா வெர்லின்?" என்று எடுத்துக்கொடுத்தார் கோச்.

"ஆமா, வெயிலு" என்றார் வெர்லின். வானம் மேகம் மூடியிருந்தது.

கோச் இழுவை வீட்டின் மூலையைத் தட்டிப் பார்த்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "என்னைக் கேட்டா, இதுக்கு மூலை இருக்கறதுதான் பிரச்சன."

"மூலை இல்லாம வீடு எப்படிக் கட்டுவான், கோச்?" என்றார் டாயில்.

"அதத்தான் நானும் சொல்றேன். யாரும் யோசிக்கறதில்ல."

தொட்டியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கண்ணியம் அப்போதும் காப்பாற்றப்பட்டது. கண்ணாடிக் கடையின் தொலைபேசி எண்ணை மட்டும் கோச் எங்கேயும் பார்க்காமல் கடகடவென்று மனப்பாடமாக ஒப்பித்தார். டாயிலும் லமாரும் உதட்டுக்குள் கூடவே சொன்னார்கள். பிறகு கோச் தம் வண்டியிலிருந்து உறை பிரிக்காத புது மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, விரித்து, வரிசையின் ஓரத்தில் போட்டார்.

"உக்காருங்க வெர்லின். இது உங்களுக்குத்தான்."

வெர்லின் உட்கார்ந்தார். பட்டம் வாங்கியவர் முகத்தில் வருமே ஒரு களை, அது அவர் முகத்தில் வந்தது.

கிளென்னா பின் கதவைத் திறந்து கேக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பருப்பையும் கண்ணாடியையும் பிரித்தெடுக்க முடியுமா என்று விரலால் ஒன்றைத் தொட்டாள். விரலில் ரத்தம் வந்தது. அப்போது கோச்சின் மனைவி நெல்டா, கையில் துடைப்பமும் ஒரு பாக்கெட் ரொட்டியுமாக வந்தாள். ரொட்டித் துண்டை இருக்கையில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். கண்ணாடித் தூள் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. பழகிய கை.

"எனக்குத் தையல் மிஷின்" என்றாள் நெல்டா.

"என்னது?"

"பின் சீட்டுல. அவரு உடைச்சப்ப. டாயில் வீட்டம்மாவுக்கு மீன் தொட்டி. மீனோட." ரொட்டியை உதறினாள். "உனக்காவது கேக்கோட போச்சு."

கிளென்னா நிமிர்ந்து நாற்காலி வரிசைக்குப் பின்னால் இருந்த வண்டிகளைப் பார்த்தாள். மீன், கழுகு, கலைமான். மீனுக்கு மேலே கூரை விளிம்பு நசுங்கியிருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. "உங்களுக்குத் தெரியும்தானே, இடிக்கும்னு? அப்புறம் ஏன் ஒருத்தரும் வாயத் திறக்கல?"

"நீ ஏன் திறக்கல?" என்று கேட்டுவிட்டு நெல்டா அடுத்த ரொட்டியை எடுத்தாள்.

சேதி கேட்டு கெண்ட்ரா சாயங்காலம் வந்தாள். கேக்கைப் பார்த்தாள். தன் நாற்காலியில் எழுந்தும் எழாமலும் இருந்த தகப்பனைப் பார்த்தாள். பிறகு தாயிடம் வந்தாள்.

"நீ கீழதானே நின்ன?"

"நின்னேன்."

"இடிக்கப் போவுதுன்னு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"என்னம்மா சொன்ன?"

"வரலாம்னு சொன்னேன்."

"அப்பாவத் திட்டணும்னுதான் வழியெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்தேன்" என்றாள் கெண்ட்ரா. "அவரு எப்பவும் இப்படித்தான். நீ இருக்கியேன்னு நெனச்சேன்." போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "என் கல்யாண டிரஸ்ஸ டிரேயோட அப்பாதான் தையக்காரிகிட்டேருந்து எடுத்துட்டு வர்றாரு. நாளைக்குக் காலைல. அவரும் ஒரு வீட்ட இழுத்துக்கிட்டுத்தான் வர்றாரு."

அன்றைக்குக் கிளென்னாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

இனிமேல்தான் இந்த வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. இதுவரை சேதமானது ஒரு கண்ணாடியும் ஒரு கேக்கும்தான். மறுநாள் சேதமானது கண்ணியம்.

காலையில் டீசல் உறுமியது. நாற்காலிகள் வந்தன. வெர்லினின் புது நாற்காலியும் வரிசையில் இருந்தது. மாப்பிள்ளை டிரேயின் தகப்பனார் வெண்டல் ஓக்ஸ் கையசைத்தபடி உள்ளே வந்தார். அவருக்கும் அதே வளைவில், வெர்லின் வீட்டுக்கு அடுத்த இடம். கிளென்னா படியில் நின்று பார்த்தாள். தட்டு முன்னால் இருந்தது. வண்டியின் பின் இருக்கையில், மேலே கொக்கியிலிருந்து, வெள்ளை உறைக்குள் நீளமாக ஒன்று தொங்கியது. உறைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கைகூட நுழையாது. தொட்டியை அளக்க நாடா தேவையில்லை. கிளென்னாவுக்கு ஒரு பார்வை போதும்.

வெண்டலின் மனைவி மார்லிஸ் சைகை காட்ட இறங்கினாள். போகிற போக்கில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஜன்னலருகே போனாள்.

"வெண்டல், அந்த இது..."

"எது?"

"ஒண்ணுமில்ல."

மார்லிஸ் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பைக் கிளென்னா எங்கோ பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். மார்லிஸ் கையை உயர்த்தினாள்.

"வரலாம், வரலாம்" என்றது குழு. அதில் புதிதாக ஒரு குரல் இருந்தது. மற்றவர்களைவிட உரக்க ஒலித்தது. கிளென்னா திரும்பினாள். நேற்றைக்கு இதே இடத்தில் இடித்தவர், இடிக்கும் என்று உலகத்திலேயே மிக நன்றாகத் தெரிந்தவர், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் வருது. வரலாம்."

கிளென்னா படியிலிருந்து இறங்கினாள். அவசரத்தில் ஒரு கால் செருப்பு கழன்றது. அதை எடுக்க நிற்கவில்லை. நேரே போய் வண்டியின் முகப்பில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"சம்பந்தி, நிறுத்துங்க."

வண்டி குலுங்கி நின்றது. வெண்டல் தலையை நீட்டினார். "என்னங்க சம்பந்தி?"

"உங்க தொட்டி குட்டை."

நாற்காலிகள் ஒன்றாக முனகின. டாயில் கையிலிருந்த காபி முழங்காலில் கொட்டியது. சம்பந்தியைப் பார்த்து, அதுவும் கல்யாணத்தன்றைக்கு, ஊர் மத்தியில், வாகனத்தின் அளவைச் சொல்லி ஒரு பெண்பிள்ளை வாய் திறப்பது அந்த முகாம் கண்டறியாதது.

வெண்டல் காது சிவந்தது. "இது ஸ்டாண்டர்டுங்க."

"எங்களோடதும் ஸ்டாண்டர்டுதாங்க சம்பந்தி. அந்தா நிக்குது பாருங்க, பின்னால பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டு. உள்ள இருந்தது எம் பொண்ணு கல்யாணக் கேக்கு. உங்க சீட்டுல தொங்கறது அவ டிரஸ்ஸு. இறங்கி லீவர இழுங்க."

வெர்லின் எழுந்தார். "கிளென்னா, உள்ள போ. மானத்த வாங்காத."

"குட்டைன்னு சொன்னா போற மானம், கண்ணாடி உடையறப்ப போகலியா?"

கோச் தொண்டையைக் கனைத்தார். "இங்க பாரும்மா, இதுக்குன்னு ஒரு முறை இருக்கு. அவரு முடிச்சதும் நாமளே சொல்லலாம்."

"முடிச்சதும் என்னத்தச் சொல்லுவீங்க? வேருன்னா? வெயிலுன்னா?" கிளென்னா அவர் வண்டியைக் கை காட்டினாள். "உங்களோடதும் குட்டை, கோச். மீன் ஒட்டினா நீளமாயிடாது."

குட்டை என்ற சொல் வெளியே வந்தது, முகாமின் மொத்தக் குட்டும் உடைந்துவிட்டது. நெல்டா தன் வீட்டு வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

வெண்டல் பின்னால் திரும்பி அந்த வெள்ளை உறையைப் பார்த்தார். அப்புறம் வீட்டின் மூலையைப் பார்த்தார். அளவெடுக்கும் வேலை பார்த்தவரல்ல, கோழிப் பண்ணை வைத்திருப்பவர். ஆனாலும் கணக்கு புரிந்தது. இறங்கினார். நாற்காலி வரிசையைப் பார்க்காமல் தொட்டியருகே போய், லீவரைப் பிடித்து இழுத்தார். மறுபடி ஏறி வண்டியை நகர்த்தினார். தட்டு 'டக்' என்று பின்னால் போய் உட்கார்ந்தது. வளைவில் ஒடித்தபோது வீட்டின் மூலை கண்ணாடிக்கு ஒரு கையகலம் தள்ளி, சாதுவாகக் கடந்து போனது.

மார்லிஸ் உறையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து கிளென்னாவிடம் கொடுத்தாள். "என் வாய்லயும்தாங்க இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "வர மாட்டேன்னுடுச்சு."

"சின்ன வார்த்தைதான்" என்றாள் கிளென்னா. "எனக்கும் இன்னைக்குத்தான் வந்துச்சு."

கெண்ட்ரா கூடாரத்தின் ஓரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். கீழே கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து தாயின் காலருகே போட்டாள். "வீடு விக்கறப்ப இதே மாதிரி ஒருவாட்டி தட்டியிருந்தா அந்த மரம் இருந்திருக்கும்" என்றாள். திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தாள், முடிக்கிற வரை தாங்கவில்லை. தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இருவரும் உறையைக் கசக்கிவிடாமல் அழுவதற்கு மிகவும் சிரமப்பட்டார்கள்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. மூன்றடுக்குக் கேக்குக்குப் பதிலாக முகாமின் மனைவிமார்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள்: வாழைப்பழப் புட்டிங், பீச் பழம் பொதிந்து சுட்ட 'பை', நெல்டா கடையில் வாங்கிவந்த டோநட். மணப்பெண் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். பாட்டு போட்டதும் தகப்பனோடு ஆடினாள். வெர்லின் நன்றாகவே ஆடினார், அவருக்குக் கண் கலங்கியது. நடந்தது தவறு என்று மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மேகத்தில்கூட வெயில் அடிக்கும் என்று மகள் காதில் சொன்னார்.

மறுநாள் காலை, முகாம் ஆலோசனைக் குழு அவசரமாகக் கூடியது. தலைவர் கோச் தீர்மானத்தை முன்மொழிந்தார். திருமதி கிளென்னா ஸ்ட்ரௌட், சேதம் எதுவும் நிகழ்ந்திராத நிலையில், முன்கூட்டியே, பலர் முன்னிலையில், ஓர் ஆண்மகனுக்கு உதவி செய்து, முகாமின் கண்ணியத்துக்குக் களங்கம் விளைவித்ததற்காக இக்குழு தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. வழிமொழிய ஒருவர் வேண்டும் என்றார் கோச். வெர்லின் கையைத் தூக்கினார். பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி போட்டதும் ஒட்டுவதற்காக, கரடிப் படம் ஒன்று சுருட்டி அவர் மடியில் இருந்தது.

டாயில் கையைத் தூக்கினார். லமார் தூக்கினார். வரிசை முழுக்கக் கைகள் உயர்ந்தன.

எதிர்த்துக் கை தூக்கியவர் ஒரே ஒருவர்தான். நாற்காலி இல்லாததால் ஓரமாக நின்றுகொண்டிருந்த வெண்டல் ஓக்ஸ். அவருடைய வண்டியில் பின் கண்ணாடி இன்னும் உடையாமல் இருப்பதால் அவருக்கு வாக்குரிமை கிடையாது என்று தலைவர் தீர்ப்பளித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.